அப்பாவின் சாக்கும் எரியாத உப்பும்

உப்பு எரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். நெருப்பில் போட்டால் படபடவென்று பொரியும், அவ்வளவுதான். சோடியம் குளோரேற்று என்ற உப்பும் எரியாது. ஆனால் தன்னிடமுள்ள ஒட்சிசன் என்ற பிராணவாயுவைப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குக் கொடுத்து, அதை வெறிபிடித்த மாதிரி எரியவைக்கும். இந்த ஒரு விஷயத்தை என் அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். இப்போது நினைத்தாலும் ஆத்திரமாகத்தான் வருகிறது.

அப்போது நான் பதுளையில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கிழமை நாட்களில் டவுனில் தங்கியிருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, மடுல்சீமைப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருவேன். திங்கட்கிழமை விடியக் கிளம்பிவிடுவேன்.

அந்த வருடம் அப்பாவைப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். தேயிலைக்குள் அல்ல. ரோட்டோரம், தண்ணீர் ஓடும் கான் ஓரம், ஸ்டோர் வாசல் என்று, மண்வெட்டியால் செதுக்கச் செதுக்க முளைக்கும் புல்லை வேரோடு சாகடிக்கும் மருந்து. வெள்ளை உப்பைத் தண்ணீரில் கரைத்து, முதுகில் கட்டும் டேங்கியில் ஊற்றி அடிக்க வேண்டும். டேங்கி ஒழுகும். அதற்காக ஆட்கள் இடுப்பைச் சுற்றி ஒரு சணல் சாக்கைப் படங்காகக் கட்டிக்கொள்வார்கள். சாயந்தரம் வேலை விடும்போது சாக்கு மருந்தில் நனைந்திருக்கும். எங்கள் ஊர் மழைக்காலத்தில் வெளியே எதைப் போட்டாலும் காயாது. துணி, விறகு, கம்பளி எல்லாம் அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் பரணில்தான் காயும். அப்பாவின் சாக்கும் அங்கேதான் காய்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து அடுப்பருகே குளிர் காய்ந்தபோது அதைக் கவனித்தேன். சாக்கு அப்பளம் மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துத் தொங்கியது. தொட்டால் பொடி உதிர்ந்தது. அதற்கு நேர்கீழே அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா இது?”

“அப்பாவோட மருந்துச் சாக்கு. கைய வாயில வச்சிறாத. வெசமாம்.”

விஷம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டேங்கி கழுவிய தண்ணீர் தேங்கிய குழியில், உப்புக் கரிப்புக்கு ஆசைப்பட்டு நாக்கைப் போட்ட கன்றுக்குட்டி ஒன்று செத்திருந்தது. அதனால் மாட்டை அந்தப் பக்கம் விடுவதில்லை. எச்சரிக்கை அத்தோடு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஸ்டோர் பக்கம் போய் மருந்து வந்த தகர பீப்பாயைப் பார்த்தேன். இங்கிலீஷில் பெயர் இருந்தது. சோடியம் குளோரேற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டமும், வட்டத்துக்கு மேல் தீ எரிவதுபோல ஒரு படமும். ஒட்சிசன் தயாரிக்கும் பாடத்தில், பொற்றாசியம் குளோரேற்றைச் சூடாக்கி, வருகிற வாயுவில் தணற்குச்சியைப் பிடித்தால் அது மறுபடி குப்பென்று பற்றும் என்று படித்திருந்தேன். இது அதனுடைய தம்பி.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா பரணிலிருந்து சாக்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் அடுப்பு முன்னால் குந்தினார். ஒரு கொள்ளியை இழுத்துப் பீடி பற்றவைத்தார். காய்ந்து மொறமொறத்த சாக்கின் நுனி கொள்ளிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

“அப்பா! அந்தச் சாக்க அவுருங்க!”

“ஏன்டா, தேளா?”

“அந்த உப்பு நெருப்புக்கு ஆகாதுப்பா. சாக்கு பத்திக்கிடும். பத்துனா அணைக்க ஏலாது. டின்னுலயே நெருப்புப் படம் போட்டிருக்கான்.”

அப்பா புகையை ஊதினார். “அந்தப் படமா? புல்லு கருகிப் போகும்னு போட்டிருக்கான்டா. எழுத்துத் தெரியாத ஆளுகளுக்குத்தானே படம் போடுவான். எங்களுக்கு வெளங்கிருச்சு, படிச்ச ஒனக்கு வெளங்கல.”

எவ்வளவு சொல்லியும் அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். “உப்பு எரியுமா, எரியாதா? அத மட்டும் சொல்லு.”

“எரியாது. ஆனா...”

“அம்புட்டுத்தான். ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம்.” வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை பதுளைக்குப் போனதும் இரசாயன ஆசிரியரைத் தேடிப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சோக்கட்டியை மேசையில் வைத்தார்.

“தம்பி, உது விளையாட்டில்லை. உது ஊறிக் காய்ஞ்ச துணி உரசினாலே பத்தும். அப்பாட்டைச் சொல்லும், வேலை முடிஞ்ச உடன உந்தச் சாக்கை நல்லாத் தண்ணியில அலசச் சொல்லி. உப்புத் தண்ணியில கரைஞ்சிடும். பிறகு பயமில்லை.”

எவ்வளவு சுலபமான வைத்தியம்! தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே ஐந்து நிமிஷம் பிடித்தால் போதும். அந்தக் கிழமை முழுக்கப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னேன்.

“அலசுனா?” என்றார் அப்பா.

“அலசுனா ஒண்ணுமில்லப்பா.”

“அலசுன சாக்கு விடியிறதுக்குள்ள காயுமா? சாயங்காலம் மருந்துல நனையிறது மேலாகத்தான். பீலித் தண்ணி குடிச்சா ரெண்டு நாளைக்குச் சொட்டும். அந்தப் பனியில ஈரச் சாக்க இடுப்புல சுத்திக்கிட்டு நீ நிப்பியா? குளிரு காச்சல்ல நான் போயிட்டா ஒன் உப்பு வந்து ஒங்கம்மாவுக்குச் சோறு போடுமா?”

அவர் சொன்னது நியாயம். ஒரே ஒரு சாக்கு. அது காய ஒரே ஒரு அடுப்பு.

இன்னொரு சாக்கு இருந்தால் ஒன்றை அலசிப்போட்டு ஒன்றைக் கட்டலாம் என்று நினைத்து கண்டக்டையாவைப் பார்க்கப் போனேன். வெளிவேலையெல்லாம் அவர் பொறுப்பு. குவாட்டர்ஸ் வாசலில் ரோஜாச் செடிக்கு எரு போட்டுக்கொண்டிருந்தார். என் கால்சட்டையையும் சப்பாத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“ஐயா, மருந்தடிக்கிற ஆளுங்களுக்கு இன்னொரு சாக்கு குடுத்தா நல்லதுங்க. அந்த உப்பு ஊறுன சாக்கு காய்ஞ்சா நெருப்புப் பிடிச்சுக்கும்.”

“யாரு சொன்னா?”

“எங்க ஸ்கூல் சார் சொன்னாருங்க. டின்னுலயும் போட்டிருக்குங்க.”

“டின்னுல என்னா போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதா?” அவர் குரல் உயரவில்லை. “சாக்கு நான் குடுத்ததில்ல. அவனுக ஆசைக்குக் கட்டிக்கிறானுக. தோட்டத்து மருந்தக் கொண்டுபோய் அடுப்புல கட்டித் தொங்கவிடச் சொல்லி நான் சொன்னனா? நீ ஒன் படிப்பப் பாரு. இத லயத்துல போய்ச் சொல்லி ஆளுகளக் கெளப்பிவிட்டன்னு வையி, ஒங்கப்பனத்தான் மொதல்ல புல்லு வெட்டப் போடுவேன்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. தெரியாத அப்பாவிடமாவது கோபப்படலாம். தெரிந்தும் ரோஜாச் செடிக்குக் குனிந்துகொள்கிற மனிதரிடம் என்ன செய்வது? “சரிங்கையா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை பதுளைக் கடைவீதியில் எனக்குப் பழக்கமான முதலாளி ஒருவரிடம் கெஞ்சி, ஒரு நல்ல அரிசிச் சாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பாவுக்கு மெத்த சந்தோஷம். தடவிப் பார்த்தார். “கனமான சாக்கு” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். நான் இரண்டு சாக்கையும் மாற்றி மாற்றிக் கட்டும் முறையை விளக்கினேன். தலையாட்டினார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், அடுப்புக்கு மேலே இரண்டு சாக்குகள் வெள்ளை பூத்துத் தொங்கின.

“ரெண்டையும் சேத்துக் கட்டுனா நல்ல சூடுடா தம்பி” என்றார் அப்பா. “ஒண்ண முன்னுக்கு, ஒண்ண பின்னுக்கு. முதுகு நனையிறதே இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. நெருப்பை ஒன்றிலிருந்து இரண்டாக்கியவன் நான்தான்.

சொல்லிப் புரியாது, காட்டத்தான் வேண்டும் என்று முடிவுசெய்தேன். சனிக்கிழமை சாயந்தரம் அப்பாவையும், அவரோடு மருந்தடிக்கும் பக்கத்துக் காம்பரா வீட்டு மாமாவையும் கூப்பிட்டு, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காரவைத்தேன். பழைய சாக்கின் ஓரத்தில் விரலளவு வெட்டி, விடியலிலேயே, அப்பா கட்டுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைத்திருந்தேன். அதை ஒரு தகரத்தின் மேல் போட்டு, விரிவுரை போல ஆரம்பித்தேன். “இப்ப பாருங்க. நெருப்புக் குச்சிய வச்ச ஒடனே சீறிக்கிட்டு எரியும். தள்ளி ஒக்காருங்க மாமா.”

மாமா மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார். நான் குச்சியைக் கிழித்து வைத்தேன். சாக்குத் துண்டு புகைந்தது. இன்னொரு குச்சி. கொஞ்சம் கருகியது. மூன்றாவது குச்சிக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, முனகி, அணைந்தது.

அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விடியலிலிருந்து மூடுபனிக்குள் கிடந்த துண்டு நமத்துப்போயிருந்தது. பரணில் தொங்குவது அப்படியல்ல. இது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. சொல்லவும் செய்தேன். ஆனால் மாமா அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

“மாப்ள, இந்த மருந்து ஊறுன சாக்கத்தான் இனிமே ஸ்டோர் கூரைக்குப் போடணும். நெருப்பே புடிக்காது போல!”

“எம் மகன் கண்டுபிடிச்சது” என்றார் அப்பா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா என் கையிலிருந்த நெருப்புப் பெட்டியை வாங்கிப் பீடி பற்றவைத்தார். “குச்சிய வீணாக்காதடா. உள்ள போயிப் படி.”

அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பிடிவாதம் மாதிரி இருந்ததே தவிர, உண்மையில் பயம். பொய்யை நிரூபிக்க முடியாமல் போனால் நல்லது. உண்மையை நிரூபிக்க முடியாமல் போனால் யாரோ சாக வேண்டியிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. அப்பா மேல்லயத்தில் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“புள்ள எளச்சுப் போச்சு. பஸ்ஸுல வாரப்ப போறப்ப எத்தன கண்ணு. வா, சுத்திப் போடுறேன்.”

வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. அடுப்புக்கு முன்னால் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மா காய்ந்த மிளகாய், கடுகு, முச்சந்தி மண், உப்பு எல்லாவற்றையும் கைக்குள் மூடிக்கொண்டு என் தலையைச் சுற்றினார். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு என்று சொல்லி மூன்று முறை துப்பச் சொன்னார். துப்பினேன். கையிலிருந்ததை அப்படியே தணலில் போட்டார்.

சாதாரணமாக என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். உப்பு பொரியும். மிளகாய் நெடி மூக்கைத் துளைக்கும், வீடே இருமும். நெடி வந்தால் கண்ணேறு இல்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு, சீறல் சத்தத்தோடு ஒரு மஞ்சள் தீ கண்ணைக் கூசவைத்துக்கொண்டு எழுந்தது. மிளகாய் இருந்த சுவடே இல்லை. நெடியும் இல்லை. அம்மா “ஆத்தா!” என்று கத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தீ வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. நல்லவேளையாகக் கொஞ்ச உப்புத்தான்.

“எந்த உப்பும்மா போட்டீங்க?”

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மூலையிலிருந்த சிரட்டையைக் காட்டினார். சாக்கிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடியை அவர் தினமும் கூட்டி அதில் சேர்த்துவைத்திருக்கிறார். உப்பைக் காலில் மிதிக்கக் கூடாது, அது லட்சுமி. அதனால் வாசலில் கொட்டவில்லை. விஷம், அதனால் சமையலுக்கு எடுக்கவில்லை. எப்படியும் நெருப்பில் போகிற உப்புத்தானே, நல்ல உப்பை ஏன் வீணாக்குவது என்று சுத்திப்போட எடுத்திருக்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. நான் நேற்றுக் காட்ட முடியாததை அடுப்பே காட்டிவிட்டது. “பாத்தீங்களாம்மா! இதத்தான் நான் சொல்லிச் சொல்லி மாஞ்சேன். எல்லாம் அந்தச் சாக்குல இருக்குறதுதான்!”

அம்மா மெதுவாகத் தலையை உயர்த்திப் பரணைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ விளங்கியது தெரிந்தது.

“சாக்குலயா இருக்கு?”

“ஆமாம்மா! சாக்கு பூரா!”

“அதான பாத்தேன். புல்லு வெட்டுறவளுக பூரா வயிறெரிஞ்சுதான் பாக்குறாளுக. ஒங்கப்பாவுக்கு லேசான வேலை கெடச்சிருச்சுன்னு. மனுசன் மேல விழுந்த கண்ணு பூராவையும் சாக்கு புடிச்சு வச்சிருக்கு. அதுல உதுந்த உப்புக்கே இம்புட்டு வேகம்னா!”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா விறகுக் குச்சியால் இரண்டு சாக்கையும் தள்ளி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கொண்டுபோய், கொட்டுகிற மழையில் பீலிக்குக் கீழே போட்டார். பிறகு பக்கத்துக் காம்பராவுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் ஒரு சாக்கு வெளியே வந்து விழுந்தது. லயத்தின் கோடி வரைக்கும் செய்தி போய்விட்டது. மருந்தடிக்கிற ஆட்களின் சாக்கெல்லாம் பீலித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. நான் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் இரசாயன ஆசிரியர் சொன்னதை அவர்கள் அச்சொட்டாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்பா கூட்டம் முடிந்து நனைந்துகொண்டு வந்தார். வழியிலேயே விஷயத்தைக் கேட்டிருந்தார். வந்த வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குக் கண்ணேறு, காத்துக்கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. சங்கத்தில் பேசிப் பேசி வந்த புத்தி. கோயிலுக்குக் கொடுக்கிற காசைப் பஸ்ஸுக்குக் கொடுத்தால் பிள்ளையாவது படிப்பான் என்று ஊரையே எதிர்த்துப் பேசி என்னைப் பதுளைக்கு அனுப்பியவர்.

“கண்ணாவது புண்ணாவது! நல்ல சாக்க மழையில போட்டிருக்கா. விடிஞ்சா எதக் கட்டிக்கிட்டு நான் வேலைக்குப் போவேன்?”

“எரிஞ்சுதுங்க! நெடியே இல்லாம! ஆளுசரத்துக்கு எரிஞ்சுது! புள்ளயக் கேளுங்க” என்றார் அம்மா.

“மொளகாய்ல எண்ணெ இருக்கு, எரியும்.” அப்பா என் பக்கம் திரும்பினார். “டேய், நீ படிச்சவன். நீ சொல்லு. இது கண்ணா?”

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இஸ்தோப்பில் மாமாவும் இன்னும் சிலரும் வந்து நின்றார்கள்.

“கண்ணு இல்லப்பா” என்றேன். “அது ஒட்சிசன். அந்த உப்புக்குள்ள...”

“கேட்டுக்கிட்டியா? படிச்சவன் சொல்றான், கண்ணு இல்லயாம்!” அப்பா மழைக்குள் இறங்கி, பீலியடியில் கிடந்த சாக்கை எடுத்து உதறத் தொடங்கினார்.

“அப்பா, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. கண்ணு இல்ல, ஆனா...”

“ஒன் ஆனாவ ஒரு மாசமாக் கேட்டாச்சு. நேத்துக் குச்சி கிழிச்சும் பாத்தாச்சு.”

அவர் அதைப் பிழிந்துகொண்டு படியேறினார். மாமாவும் தன் சாக்கை எடுக்கக் கிளம்பினார். அம்மா கதவோரம் ஒதுங்கி என்னைப் பார்த்தார். இன்றைக்கு நனைந்த சாக்கால் ஆபத்தில்லை. ஆனால் நாளை சாயந்தரம் அது மறுபடி மருந்தில் ஊறி வரும், பரணில் ஏறும், செவ்வாய்க்கிழமை விடிய அப்பா அதைக் கட்டிக்கொண்டு கொள்ளிக்கு முன்னால் குந்துவார். நான் பதுளையில் இருப்பேன். அம்மா ஒருவர்தான் அந்தச் சாக்கை வெளியே வைத்திருக்கக் கூடியவர். அவர் கையிலிருந்த கண்ணேறு என்ற ஒரே ஆயுதத்தை நான் என் வாயாலேயே பிடுங்கிவிட்டிருந்தேன்.

“கண்ணுதான்ப்பா” என்றேன்.

அப்பா படியிலேயே நின்றார். “என்னா?”

“கண்ணுதான். நான் பாத்தேன். அம்மா சொல்றது சரி. அந்தச் சாக்க வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.”

“இப்பத்தானடா இல்லன்ன?”

“ஒங்களுக்குப் பிடிக்காதுன்னுதான் இல்லன்னு சொன்னேன்.”

அம்மா சட்டென்று வாசலை மறித்து நின்றார். “புள்ளயே சொல்லிருச்சு. இனி அந்த எழவு வாசப்படி தாண்டுனா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.” மாமாவின் கையிலிருந்த சாக்கு மறுபடி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த சாக்கை மெதுவாகப் பீலிக் கல்லின் மேல் விரித்துப் போட்டார்.

“இதுக்குத்தானாடா ஒன்னய பதுளைக்கு அனுப்புனேன்?”

உள்ளே வந்து தலை துவட்டிக்கொண்டு சாப்பிட்டார். எனக்குத் தொண்டை வரைக்கும் பாடம் நின்றது. குளோரேற்று, ஒட்சிசன், தணற்குச்சி, எல்லாம் வரிசையாக. ஒரு சொல் வெளியே விட முடியாது. விட்டால் சாக்கு உள்ளே வந்துவிடும்.

திங்கட்கிழமை விடிய நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் பிரட்டுக் களத்தைத் தாண்ட வேண்டும். மருந்தடிக்கும் ஆட்கள் டேங்கிகளோடு நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் ஈரச் சாக்கு. தண்ணீர் முழங்காலில் வழிய, பல் கிடுகிடுக்க, காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் மாமா கையைத் தூக்கினார்.

“மாப்ள! சயன்ஸ் மாப்ள! இந்த டேங்கிக்கும் ஒருக்கா சுத்திப் போட்டுட்டுப் போ, இதுவும் ஒழுகுது!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையில் குச்சி பற்றவில்லை. அவர் இன்னொன்றை எடுத்துக் கிழித்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.